தீர்வு இல்லாதவர்கள்: ‘ஓர் நோர்ம்’ படத்தை முன்வைத்து

கார்த்தியும் நாகார்ஜுனாவும் நடித்த ‘தோழா’ ஞாபகம் இருக்கும். 2011-இல் பிரான்சில் வெளியான ‘இன்டச்சபிள்ஸ்’ படத்தின் மறு ஆக்கம் அது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒரு கோடீஸ்வரர், அவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஏழை இளைஞன், இருவருக்கும் நடுவில் வளரும் நட்பு. இரண்டு படங்களிலுமே ஒரு கேள்வி கடைசிவரை எழாது: இதற்கெல்லாம் காசு யார் கொடுப்பது? எழ வேண்டிய அவசியமே இல்லை. அவரிடமே கொட்டிக் கிடக்கிறது. பராமரிப்பு என்பது அங்கே நல்ல மனசுள்ள ஒரு ஆளைத் தேடிப் பிடிக்கிற விஷயம், அவ்வளவுதான்.

மூலப் படத்தை எடுத்த எரிக் தோலெதானோ, ஒலிவியே நகாஷ் இருவரும் எட்டு வருடம் கழித்து, 2019-இல், அந்தக் கேள்வியை மட்டுமே வைத்து ஒரு முழுப் படம் எடுத்தார்கள். ‘ஓர் நோர்ம்’. அந்த வருடம் கான் விழாவின் நிறைவுப் படம். ஆங்கிலத்தில் ‘தி ஸ்பெஷல்ஸ்’ என்று பெயர் வைத்து அதன் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிவிட்டார்கள். பிரெஞ்சுத் தலைப்பில் ஒரு கூர்மை இருக்கிறது. ‘நோர்ம்’ என்றால் இயல்பு, சராசரி. அரசாங்கம் விதிக்கும் தர அளவுகளுக்கும் அதே சொல்தான். ஆக, தலைப்பு இரண்டு பேரைச் சொல்கிறது: இயல்புக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள், விதிமுறைக்கு வெளியே இருந்துகொண்டு அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பு. படம் மொத்தமும் இந்தச் சிலேடைக்குள்தான் நடக்கிறது.

கதை உண்மை மனிதர்களிடமிருந்து வந்தது. ஸ்தெஃபான் பெனாமு என்பவர் 1996-இல் பாரிஸ் பக்கம் தொடங்கிய ‘லெ சிலான்ஸ் தெ ஜுஸ்த்’ என்ற அமைப்பு, கடுமையான ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் இளைஞர்களையும் பார்த்துக்கொள்கிறது. தாவூத் தாதூ என்பவர் நடத்தும் இன்னோர் அமைப்பு, புறநகரில் வேலையில்லாமல் சுற்றும் பையன்களைப் பராமரிப்பாளர்களாகப் பயிற்றுவிக்கிறது. ஒருவர் யூதர், ஒருவர் முஸ்லிம். படத்தில் இவர்கள் புரூனோவாகவும் மாலிக்காகவும் வருகிறார்கள். வின்சென்ட் கேசல், ரேடா கதேப் நடித்திருக்கிறார்கள். இந்த மத விஷயத்தை வைத்து ஒரு வசனம்கூடப் பேசி அறுக்கவில்லை என்பதற்காகவே இயக்குநர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். புரூனோ தலையில் கிப்பா இருக்கிறது, மாலிக் வேறு வழியில் கும்பிடுகிறார், இருவருக்கும் நேரமில்லை. முடிந்தது.

நேரமில்லை என்பதுதான் இந்தப் படத்தின் வடிவம். முதல் காட்சியிலேயே ஒரு பெண் தெருவில் ஓடுகிறாள், பின்னால் நாலு பேர் துரத்துகிறார்கள். அதற்கப்புறம் யாரும் உட்காருவதே இல்லை. புரூனோவின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பெண் பார்க்கும் படலத்தில் எதிரே ஒருத்தி காபியோடு காத்திருக்கும்போதும் அடிக்கிறது. அழைப்பவர்கள் யார் என்று கவனித்துப் பாருங்கள். சில நேரம் பெற்றோர். பல நேரம் ஆஸ்பத்திரிகள். ‘எங்களால் இந்தப் பையனை வைத்துக்கொள்ள முடியவில்லை, வேறு எந்த இடமும் எடுக்க மாட்டேன் என்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று கேட்பது அரசாங்க ஆஸ்பத்திரி. அதே அரசாங்கத்தின் சமூகநலத் தலைமை ஆய்வுத்துறை இரண்டு அதிகாரிகளை அனுப்பி, ‘உங்களுக்கு அனுமதி இல்லையே, உங்கள் ஆட்களுக்குச் சான்றிதழ் இல்லையே’ என்று விசாரிக்கிறது. வலது கை பிள்ளையை நீட்டுகிறது, இடது கை நோட்டீஸை நீட்டுகிறது. புரூனோ எல்லோரிடமும் வழி கண்டுபிடிப்பதாக வாக்குக் கொடுத்துக்கொண்டே ஓடுகிறார்.

இந்த ‘வழி’ என்கிற சொல்லை நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். பிரெஞ்சு நிர்வாக மொழியில் இடம் கிடைக்காத மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பெயர் உண்டு: ‘சான் சொலூசியோன்’. தீர்வு இல்லாதவர்கள். இது திட்டுகிற சொல் இல்லை. அறிக்கைகளில் சாதாரணமாகப் புழங்குவது. 2013-இல் ஓர் இளம்பெண்ணின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பெண்ணை எந்த இல்லமும் ஏற்கவில்லை, வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. செர்ஜி-போந்துவாஸ் நிர்வாக நீதிமன்றம், இரண்டே வாரத்துக்குள் அவளுக்கு ஓர் இடம் கண்டுபிடி என்று வட்டாரச் சுகாதார முகமைக்கு உத்தரவு போட்டது. அதன் அதிர்ச்சியில் அரசு, தெனி பிவெத்தோ என்ற மூத்த அதிகாரியிடம் ஓர் அறிக்கை கேட்டது. 2014-இல் வந்த அந்த அறிக்கையின் தலைப்பு ‘தீர்வு இல்லாதவர் பூஜ்யம்’. அதாவது அப்படி ஒருவர்கூட இருக்கக்கூடாது என்பது இலக்கு. சொல்லின் வினோதம் என்னவென்றால், தீர்வு இல்லாமல் இருப்பது நிர்வாகத்திடம். பெயரோ பிள்ளைக்கு ஒட்டுகிறது. தமிழில் ‘வக்கில்லாதவன்’ என்று ஒரு வசவு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதைக் கோட்டு சூட்டு போட்டுச் சொன்னதுபோல.

சரி, இடம் ஏன் இல்லை? பணக்கார நாடு. 2005-லேயே மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான சட்டம் வந்துவிட்டது; அந்த வருடத்திலிருந்து ஆட்டிசத்துக்கென்றே ஒன்றன் பின் ஒன்றாகத் தேசியத் திட்டங்கள் போடுகிறார்கள். அப்படியும் ஏன் ஒரு பொது ஆஸ்பத்திரி, அனுமதியில்லாத ஓர் அமைப்பின் தலைவருக்கு ராத்திரியில் போன் போட வேண்டும்? படம் இந்த இடத்தில் சட்டென்று அடுத்த துரத்தலுக்குத் தாவிவிடுகிறது. என்னுடைய முதல் குறை இதுதான். நான் எழுதுவது மென்பொருள். ஒரு சர்வர் ஒரே மாதிரியான கோரிக்கைகளை மட்டும் திரும்பத் திரும்ப நிராகரித்தால், அதற்குக் கெட்ட எண்ணம் இருக்கிறது என்று நாங்கள் நினைப்பதில்லை. எங்கேயோ ஒரு விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவோம். இங்கேயும் அப்படித் தேடினால் கிடைக்கிறது.

முதலாவது, கடிதத்துக்கும் இடத்துக்கும் உள்ள தூரம். 2005 சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓர் அலுவலகத்தை உருவாக்கியது. பெற்றோர் மனு கொடுத்தால், அங்கிருக்கும் ஆணையம் பரிசீலித்து, ‘உங்கள் பிள்ளைக்கு இன்ன வகைச் சிறப்புக் கல்வி நிலையத்தில் சேர உரிமை உண்டு’ என்று முடிவு எழுதித் தரும். உரிமைக்கு அரசாங்கமே முத்திரை குத்தியாயிற்று. ஆனால் அந்த நிலையத்தில் இடம் இருக்கிறதா என்பது ஆணையத்தின் வேலையில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையமாகப் போன் பண்ண வேண்டியது அம்மாவும் அப்பாவும். ‘காத்திருப்போர் பட்டியலில் போட்டுக்கொள்கிறோம்.’ பிவெத்தோ அறிக்கை கைவைத்த இடங்களில் இதுவும் ஒன்று. யாருக்கு எது தகும் என்று சொல்பவர் ஒருவர், இடத்தைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர், காசு கொடுப்பவர் மூன்றாமவர்.

இரண்டாவது, காசு பிள்ளையோடு போவதில்லை, நாற்காலியோடு போகிறது. ஒரு நிலையத்துக்கு இத்தனை இடங்கள் என்று அனுமதி தருகிறார்கள். வருடத்துக்கு இவ்வளவு தொகை, பெரும்பாலும் பழைய வருடத் தொகையை ஒட்டியே. அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்து அது பெரிதாக மாறாது. இப்போது படத்தில் வரும் வாலன்தானை எடுத்துக்கொள்ளுங்கள். தன் தலையைத் தானே மோதிக்கொள்வதால் எப்போதும் ஹெல்மெட் போட்டிருக்கும் பையன். பேச்சு இல்லை. அவனுக்கு நாள் முழுக்க ஓர் ஆள் ஒட்டியே இருக்க வேண்டும், ராத்திரியிலும். அமைதியாக உட்கார்ந்து மணி கோக்கும் இன்னொரு பிள்ளையைச் சேர்த்தாலும் நிலையத்துக்கு ஏறக்குறைய அதே தொகை. நீங்கள் அந்த நிலையத்தின் இயக்குநர். உங்களிடம் ஒரே ஓர் இடம் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? ‘இந்தப் பையனின் தேவைக்கு எங்கள் நிலையம் பொருத்தமாக இல்லை’ என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவீர்கள். யாருக்கு அதிக உதவி தேவையோ அவர்களை வெளியே தள்ளுவதற்கு இந்த ஏற்பாட்டில் கொடுமைக்காரர் ஒருவரும் தேவைப்படுவதில்லை. தேவைக்கேற்ப நிதி தரும் முறைக்கு மாற வேண்டும் என்று 2014-இல் ஒரு சீர்திருத்தம் ஆரம்பித்தார்கள். அதற்கு ‘செராஃபான்’ என்று ஒரு தேவதையின் பெயர். பத்து வருடம் தாண்டியும் முழுதாகத் தரையிறங்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. பிரான்சில் குழந்தைகளுக்கான நிலையங்களில் இருபது வயது வரைதான் இருக்கலாம். அதற்கப்புறம் பெரியவர்களுக்கான இல்லத்துக்குப் போக வேண்டும். அங்கே இடம் இல்லையென்றால் வீட்டுக்கு. மிஷேல் கிரெத்தோன் என்ற நடிகர் இதற்காகப் போராடி, 1989 ஜனவரியில் ஒரு திருத்தம் வந்தது. அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். பெரியவர்களுக்கான இடம் கிடைக்கும்வரை அந்த இளைஞர் குழந்தைகள் நிலையத்திலேயே இருக்கலாம். யார் எதிர்ப்பார்கள் இதை? நியாயமான சட்டம், மனிதத்தன்மையுள்ள சட்டம். ஆனால் பெரியவர்களுக்கான இடங்கள் போதுமான அளவு கட்டப்படவில்லை. விளைவு, இருபத்துநாலு வயது இளைஞர் தன் பழைய கட்டிலிலேயே இருக்கிறார். ஆறு வயதுப் பிள்ளை வெளியே நிற்கிறது. இப்படி ஆயிரக்கணக்கானவர்கள். சுங்கச்சாவடியில் முன்னால் நிற்கும் லாரியின் ஃபாஸ்டேக்கில் காசு இல்லையென்றால், பின்னால் நிற்கும் நாற்பது வண்டிக்கும் அதே கதிதானே? லாரிக்காரர் மேல் கோபப்பட்டுப் புண்ணியமில்லை.

இந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குவழி உண்டு, அதன் பெயர் பெல்ஜியம். எல்லை தாண்டினால் பிரெஞ்சு பேசும் வலோனியாவில் இல்லங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுப் பொதுப்பணத்திலேயே ஆயிரக்கணக்கானவர்களை அங்கே அனுப்பிவைத்திருக்கிறார்கள், குழந்தைகள் உட்பட. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க அம்மா இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டும். 2015-இல் பாரிஸ் நிர்வாக நீதிமன்றம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தகுந்த பராமரிப்பு தராததற்காக ஏழு குடும்பங்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது. 2021-இல் பெரியவர்களுக்கான பெல்ஜிய இடங்களுக்கு உச்சவரம்பு போட்டார்கள். குறுக்குவழியை மூடுவது சரிதான், நெடுஞ்சாலை போட்டிருந்தால்.

இதில் எதுவும் படத்தில் இல்லை. ஒரு வணிகப் படத்தில் மூன்று நிமிடம் நிதி விதிமுறை விளக்கச் சொல்கிறாயா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. ஆனால் காரணம் காணாமல் போனால் அந்த இடத்தை யாராவது ஆள் வந்து நிரப்புவார். இங்கே நிரப்புபவர்கள் அந்த இரண்டு ஆய்வு அதிகாரிகள். இறுக்கமான முகம், நோட்டுப் புத்தகம், பதில் தெரியாத கேள்விகள். ஒரு கட்டத்தில் புரூனோ பிள்ளைகளின் விவரங்களைத் தூக்கிக் கொடுத்து, அப்படியென்றால் இவர்களை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்கிற மாதிரி வெடிப்பார். அவர்கள் வாயடைத்து நிற்பார்கள். தியேட்டரில் கைதட்டல் நிச்சயம். எனக்கு அங்கேதான் படத்தோடு சண்டை.

ஏனென்றால் அந்த அதிகாரிகளின் கேள்வி சரியான கேள்வி, படமே அதைக் காட்டியும் கொடுக்கிறது. வாலன்தானைப் பார்த்துக்கொள்ள தீலான் என்ற புறநகர்ப் பையனை விடுகிறார்கள். நல்ல பையன், வேலைக்குப் புதுசு. அவன் கவனம் தவறிய கொஞ்ச நேரத்தில் வாலன்தான் வெளியேறி, கார்கள் பறக்கும் நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருக்கிறான். நல்ல வேளை, கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பதறியது. அடுத்த காட்சியிலேயே அதிகாரிகளை வில்லனாகப் பார்க்கச் சொன்னால் எப்படி? பேசத் தெரியாத பிள்ளை, ராத்திரி, மூடிய அறை, பயிற்சி பாதியில் இருக்கும் ஓர் ஆள். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று பிள்ளை வந்து சொல்லப்போவதில்லை. சான்றிதழ், அனுமதி, ஆய்வு என்கிற சள்ளையெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பதிலாகப் பேசுவதற்காக ஏற்பட்டது.

பிரான்சுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் யோன் மாவட்டத்தில் ஏழு இளம்பெண்கள் காணாமல் போனார்கள். லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், அரசின் பாதுகாப்பில் இருந்தவர்கள். ஓடிப்போயிருப்பார்கள் என்று கோப்பை மூடிவிட்டார்கள். அவர்களை ஏற்றிச்சென்ற பேருந்தின் ஓட்டுநர் எமில் லூயி 2000-இல்தான் கைதாகி, 2004-இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. இருபது வருடத்துக்கு மேல் இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. நல்லெண்ணத்தை நம்பி, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்காமல் விட்ட ஓர் ஏற்பாட்டில் நடந்தது இது. புரூனோ நல்லவர் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் கேமரா அவரோடு இருக்கிறது. அந்த அதிகாரிகளோடு கேமரா இல்லை.

இன்னொரு மௌனமும் படத்தில் உண்டு. பிரான்சில் வெகுகாலம் ஆட்டிசத்தின் மேல் உளப்பகுப்பாய்வின் பிடி இருந்தது. அம்மாவின் மனசில்தான் கோளாறு என்கிற ரகம். பொதுப்பணம் பகல் மருத்துவமனைகளுக்குப் போனது. பிள்ளையை ஈரத்துணியில் குளிரக் குளிரச் சுற்றும் ‘பாக்கிங்’ என்ற முறைகூட இருந்தது. 2012-இல் தான் தேசிய சுகாதார ஆணையம், உளப்பகுப்பாய்வு அணுகுமுறைகள் பொருத்தமானவை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியது; பாக்கிங்கை நேரடியாகவே எதிர்த்தது. சோஃபி ரொபேர் 2011-இல் எடுத்த ‘லெ முர்’ என்ற ஆவணப்படம் இந்தச் சண்டையை நேரடியாகப் பேசியது. அதில் பேட்டி கொடுத்த உளப்பகுப்பாய்வாளர்கள் வழக்குப் போட, முதலில் வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது, 2014-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ‘ஓர் நோர்ம்’ இந்தப் பக்கமே திரும்பவில்லை. இடம் இல்லை என்கிற பிரச்சினைக்குள் இதுவும் இருக்கிறது: இருந்த இடத்தில் என்ன கொடுத்தார்கள்?

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, ஏன் இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஜோசஃபுக்காக. நம் ‘ஹரிதாஸ்’ (2013) படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். குமரவேலன் இயக்கியது, கிஷோர், சினேகா நடித்தது. தமிழில் ஆட்டிசத்தைக் கேலி இல்லாமல் எடுத்த படம் என்ற மரியாதை அதற்கு உண்டு. அதில் அப்பா போலீஸ் அதிகாரி, அதாவது அரசாங்கம் வீட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் பையனுக்குத் துணை என்று வருவது அப்பாவின் விடுப்பும், ஓர் ஆசிரியையின் அன்பும், பையனின் கால்களும்தான். அவன் ஓடுகிறான். 2005-இல் கொரியாவில் வந்த ‘மாரத்தான்’ படத்திலும் ஆட்டிசம் உள்ள இளைஞன் ஓடுகிறான். ஓட்டத்தில் திறமை இருந்தால் படம் நம்மை அழவைத்து அனுப்பிவிடும். ஓடத் தெரியாத பிள்ளையை என்ன செய்வது? சினிமாவுக்குத் தெரியாது. சேர்க்கைக் குழுவுக்கும் தெரியாது.

ஜோசஃபுக்குத் திறமை எதுவும் வைக்கவில்லை. புரூனோ முதன்முதலில் ஏற்றுக்கொண்ட பிள்ளை அவன், இப்போது வளர்ந்த ஆள். ரயிலில் ஏறினால் அபாய அலாரத்தை இழுக்காமல் இருக்க முடியாது. வாஷிங் மெஷின் என்றால் உயிர். நடித்திருக்கும் பெஞ்சமான் லெசியோவும் ஆட்டிசம் உள்ளவர்தான். அந்த உடம்பின் தாளத்தை வேறு யாரும் பாவனை செய்திருக்க முடியாது. அவனுக்கு வைக்கப்பட்ட இலக்கு, அலாரத்தை இழுக்காமல் ரயிலில் போய்ச் சேருவது. அவ்வளவுதான். அதற்கு வருடக்கணக்கில் ஓர் ஆள் கூடவே போக வேண்டும். அந்தப் பயணத்தின் சம்பளம் எந்தத் தலைப்பில் எழுதப்படும் என்று எந்தக் கணக்கருக்கும் தெரியாது. வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் இடத்தில் அவனுக்கு ஒரு பயிற்சி வேலை கிடைக்கிறது, அவனுக்குப் பிடித்துப்போன பெண்ணின் தோளில் தலை சாய்க்கிறான், வேலை போகிறது. யாரையும் குற்றம் சொல்ல முடியாத காட்சி. அந்தப் பெண்ணின் சங்கடமும் நியாயமானது. படம் இங்கே மட்டும் யாரையும் வில்லனாக்காமல் நிற்கிறது, அதனாலேயே இந்த இடம் கனக்கிறது.

அவனுடைய அம்மாவாக எலேன் வான்சான் என்ற மூத்த நடிகை. அவருக்கு வயதாகிவிட்டது. தனக்குப் பின்னால் மகன் என்ன ஆவான் என்கிற பயத்தை அவர் அழாமல் சொல்கிறார், பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோல. கிரெத்தோன் திருத்தமும் நிதி விதிமுறையும் நான் மேலே எழுதிய அத்தனையும் அந்த ஒரு முகத்தில் இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். இருபது வயதோடு சட்டத்தில் முடிந்துபோகும் குழந்தைப் பருவம் அந்த அம்மாவுக்கு இன்னும் முடியவில்லை.

எனக்கு இந்தப் படத்தில் இல்லாத ஒரு காட்சி வேண்டும். புரூனோவின் போனின் மறுமுனை. ஏதோ ஓர் ஊரில், அனுமதி பெற்ற, தீயணைப்புக் கருவி சரியாக மாட்டப்பட்ட ஒரு நிலையம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சேர்க்கைக் கூட்டம். மேசையில் மூன்று கோப்புகள், காலியாக இருப்பது ஓர் இடம். இரவுப் பணிக்கு இரண்டு பேர் வேண்டியதில் ஒருவர் விலகிவிட்டார், அந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. இயக்குநர் நல்லவர், இருபது வருடமாக இதே வேலை. வாலன்தானின் கோப்பை எடுத்து, ஹெல்மெட் பற்றிய பக்கத்தை இரண்டு தடவை படிக்கிறார். பக்கத்தில் இருக்கும் உளவியலாளரை நிமிர்ந்து பார்க்கிறார், அவர் ஜன்னலைப் பார்க்கிறார். கோப்பு மேசையின் இடது பக்கம் போகிறது. இயக்குநர் அடுத்ததை எடுக்கிறார்.